ஏழு மணிக்கு எழுதிய எண்

மார்ச் 3, திங்கள்

இன்றைய எண் அறுபது. நேற்று ஐம்பத்தெட்டு. முந்தாநாள் மறுபடி அறுபது.

குண்டூசியின் தொட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு வெள்ளைத் தாள் தொங்குகிறது. காலை ஏழு மணிக்கு அதில் ஒரே ஒரு எண்ணை எழுதுகிறார்கள். அவள் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜன் இருந்தால் அவளுக்குப் போதுகிறது என்பது அது. நானும் தெருநாயும் சுவாசிக்கும் காற்றில் இருபத்தொன்று. அவளுக்கு அறுபது வேண்டியிருக்கிறது.

பிறந்து இருபத்திரண்டு நாள். பதினான்கு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். உடம்பு கம்பியாகவும் தலை மட்டும் உருண்டையாகவும் இருந்ததால் அவள் அப்பா அன்றைக்கே வைத்த பெயர் குண்டூசி. நான் கோபப்பட்டேன். இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள். அதன் மறுமுனையில் ஒரு மெஷின் இவளுக்காக மூச்சு விடுகிறது. இன்று மதியம் அழுதாள். முகம் சுருங்கியது, வாய் கோணியது, நெற்றி சிவந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குழாய் குரல்வளை வழியாகப் போவதால் சத்தம் வராதாம். பிறந்த அன்றும் அழவில்லை. என் மகளின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார். "நாளைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு மருந்து பத்திப் பேசணும்."

"என்ன மருந்து?"

"நாளைக்குப் பேசுவோமே."

நாளைக்குப் பேசுவதை இன்றைக்கே எதற்காகச் சொல்லி வைக்க வேண்டும்?

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டீராய்டு.

அவர் உடனே, "ஜிம்முல போட்டுக்குவாங்களே, அதுவா டாக்டர்?" என்றார். என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எதையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார், பயந்தால் மட்டும் முந்திக்கொண்டு பேசுவார். டாக்டர் சிரிக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று பொறுமையாகச் சொன்னார்.

சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். குழந்தையைக் காப்பாற்றும் மெஷினே அதன் நுரையீரலைப் புண்ணாக்கவும் செய்கிறது. நாளாக ஆக நுரையீரல் வீங்கித் தடித்துப்போகும். பிறகு அது நாள்பட்ட நோய். மாதக்கணக்கில் ஆக்சிஜன், ஒவ்வொரு சளிக்கும் ஆஸ்பத்திரி. சில குழந்தைகள் பிழைப்பதில்லை. இந்த மருந்து வீக்கத்தை வடியவைக்கும். குழாயை எடுத்துவிடலாம். அதுவரை சரி. அடுத்து, "ஆனா" என்றார்.

முன்பெல்லாம் இதைப் பெரிய அளவில், பிறந்த சில நாட்களிலேயே கொடுத்தார்களாம். வளர்ந்த பிறகு அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கை கால் விறைப்பு, நடப்பதில் தாமதம். மூளையைத் தொட்டுவிடுகிறது. அதனால் இப்போது சின்ன அளவு, படிப்படியாகக் குறைத்துப் பத்தே நாள். எல்லோருக்கும் கிடையாது.

"மெஷினை விட்டு வர முடியாத குழந்தைக்கு இதுல நல்லது அதிகம். தானாவே வந்துடக்கூடிய குழந்தைக்குக் கொடுத்தா கெடுதல்தான் அதிகம்."

"என் பொண்ணு இதுல எந்தக் குழந்தை?"

"அறுபதுல நிக்கிறாளே. அதை வெச்சுத்தான் சொல்றேன்."

நான் தராசு சோதிக்கிறவள். பத்தொன்பது வருடமாக எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், சரியாக நிற்கும் தராசுக்கு முத்திரை வைத்து, நிற்காததை ஓரங்கட்டுவது என் வேலை. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு காய்கறிக் கடைத் தராசைக்கூட நான் கழித்துக்கட்டியதில்லை. இவர்கள் ஒரு மூளையைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள்.

"முடியாது" என்றேன்.

வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்."

"பாப்போம்" என்றார் டாக்டர். அந்த அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'பாப்போம்'. கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 5, புதன்

அக்கா போனில் பதினொரு கட்டுரை அனுப்பியிருக்கிறாள். எல்லாவற்றிலும் 'மூளை' என்ற சொல் இருக்கிறது. நான்கு படித்தேன், போனைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. சுத்தம் செய்யும் நேரம், எடை பார்க்கும் நேரம். ஆறரைக்கு நான் பாலைக் கொண்டுபோய் மணி அடிப்பேன். ஜன்னல் வழியாக ஒரு கை வரும், வாங்கிக்கொள்ளும். இன்று மணி வேலை செய்யவில்லை. தரை துடைக்கும் அம்மா, "உள்ள போய்க் குடுத்துட்டு வந்துடு தாயி" என்று கதவைத் திறந்துவிட்டார்.

சிடுமூஞ்சி சிஸ்டர் குண்டூசியின் தொட்டிலில் இருந்தார். (அவரோடு எனக்கு முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். "இங்க நிக்காதீங்க", "அதைத் தொடாதீங்க", இந்த இரண்டையும் விட்டால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.) நான் கதவோரம் நின்றேன். அவர் ஆக்சிஜன் திருகைத் திருப்பினார். எண் நாற்பத்திரண்டிலிருந்து அறுபதுக்கு ஏறியது. அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கி எடை பார்த்தார், குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார், குழாயில் சளி உறிஞ்சினார். என் பெண் சத்தமில்லாமல் அழுதாள். திரும்பப் படுக்க வைத்தார். பேனாவை எடுத்தார். தாளில் எழுதினார்.

அறுபது.

அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார்.

என்னைப் பார்த்ததும் வெளியே துரத்தினார். நான் போகவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஏழே முக்காலுக்கு அவரே திரும்பி வந்து திருகைக் குறைத்தார். நாற்பத்தொன்று. அதை யாரும் தாளில் எழுதவில்லை.

பகலில் அந்த எண் ஏறி இறங்குவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். 'மெஷினைப் பாக்காதீங்க, குழந்தையைப் பாருங்க' என்று சொல்லிச் சொல்லியே என் கண்ணைத் திருப்பிவிட்டார்கள். தாளில் இருப்பதுதான் அசல் என்று நம்பிவிட்டேன். எழுதிவைத்தால் நம்பிவிடும் புத்தி. நானும் ஆபீஸ்காரிதானே.

தட்டில் பொருளை வைத்ததும் முள் ஆடும். ஆடும் முள்ளைப் படிக்கக் கூடாது. இது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். அதை வைத்தா என் பெண்ணுக்கு மருந்து?

மார்ச் 7, வெள்ளி

ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். நாலு டாக்டர், மூன்று சிஸ்டர். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஏறட்டும்.

"குழந்தையைத் தூக்கும்போது ஆக்சிஜனைக் கூட்டுறீங்க. சரி. அதைக் குறைக்கிறதுக்கு முன்னாடி ஏன் எழுதுறீங்க?"

சிடுமூஞ்சிக்கு மூக்கு சிவந்தது. "தூக்கும்போது கூட்டாம இருந்தா நீலமாயிடும்மா. இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் எழுதுறோம்."

"இருபத்திரண்டு வருஷமா தப்பா எழுதுறீங்க."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ? சொல்லியாகிவிட்டது.

பெரிய டாக்டர் குழந்தையின் ஃபைலை வாங்கினார். மணிக்கு மணி எழுதும் வேறொரு தாளும் அதில் இருக்கிறதாம். ஆனால் ரவுண்ட்ஸில் எல்லோர் கண்ணும் போவது தொங்கும் தாளுக்குத்தான் என்று அவரே சொன்னார். ஐந்து நிமிடம் நின்றபடி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நீங்க சொல்றது சரி" என்றார்.

தயார் செய்து வைத்திருந்த சண்டை எல்லாம் வீணாகிவிட்டது.

இனிமேல் தொந்தரவு இல்லாத நேரத்து எண்களின் சராசரியைத்தான் எழுதுவார்கள். மருந்தை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார். நானும் எட்டு முதல் ஐந்து வரை கால் மணிக்கு ஒரு தரம் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ரெண்டையும் வெச்சுப் பாக்குறேன்" என்றார். ஆபீஸில் நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "லிஃப்டுலயும் அப்படித்தான். ஆளு ஏறும்போது ஆடுற ஆட்டத்தை நாங்க பாரமா எழுத மாட்டோம்" என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் பெருமையாகப் பார்த்தார். அக்காவுக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நாற்பத்தொன்று என்பதால், குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்று நேற்றுக் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். மூக்கில் மட்டும் காற்று. முகத்தில் பிளாஸ்திரி இல்லாமல் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். மோவாயில் ஒரு குழி இருக்கிறது, அவள் அப்பாவுக்கு இருப்பதைப் போலவே. சத்தம் வரவில்லை. தொண்டை வீங்கியிருக்கும், வரும் என்றார்கள்.

மதியத்துக்கு மேல் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு குழிந்து முதுகோடு ஒட்டியது. விலா எலும்பு எண்ணலாம். நான் எண்ணினேன். இடையிடையே மூச்சே நின்றது. சிடுமூஞ்சி காலைத் தட்டித் தட்டி நினைவூட்டினார். மறந்துபோய்விடுகிறாள் — மூச்சு விட மறந்துபோகிறாள். சாயங்காலம் மறுபடி குழாய் போட்டார்கள். போடும்போது என்னை வெளியே அனுப்பினார்கள். இந்தத் தடவை நான் தகராறு செய்யாமல் போனேன்.

மார்ச் 12, புதன்

"கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் அவர், படிக்கட்டில்.

"எண் நாற்பத்தி மூணு. டாக்டரே நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அவளைப் பாத்தியா நீ? இல்ல நோட்டைப் பாத்தியா?"

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"உனக்கு அந்த டாக்டரை ஜெயிக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நான் மேலேயே நின்றேன். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் சொல்கிற பேச்சா இது? அவருக்கு என்ன தெரியும்? நாளைக்கு அந்தப் பெண் நடக்காமல் உட்கார்ந்தால், 'நீதானே கையெழுத்துப் போட்ட' என்று என்னைக் கேட்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

கேட்க மாட்டார். அதுதான் கோபம். நான்தான் என்னைக் கேட்பேன்.

மார்ச் 14, வெள்ளி

நாற்பத்தாறு. டாக்டர் நோட்டைப் பார்த்தார், மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்தார். "பாப்போம். ஆனா ரொம்ப நாள் பாக்க முடியாது" என்றார்.

மார்ச் 15, சனி

நாற்பத்தொன்பது. சளி சேர்ந்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

ஐம்பத்திரண்டு. வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

இதை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

இன்று ரெண்டேகால் மணிக்கு மெஷினில் இருந்த எண் அறுபத்திரண்டு. சளி எடுக்கவில்லை, தூக்கவில்லை, குத்தவில்லை. யாரும் தொடவில்லை. அவள் சும்மா படுத்திருந்தாள். முள் அசையாமல் நின்றது. அறுபத்திரண்டு.

நான் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.

கை தானாக எழுதியது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த கால் மணிக்கும் பத்தைக் குறைத்து எழுதினேன். பேனா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

தட்டுக்கு அடியில் கட்டைவிரலை வைத்து முட்டுக்கொடுக்கும் கடைக்காரர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். "தெரியாம பட்டுருச்சும்மா" என்பார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரிக்கும் சிரிப்பு ஒன்று உண்டு. ஆபீஸில் அதற்குப் பெயரே இருக்கிறது. இன்று யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

யாரை ஏமாத்துறேன் நான்? அந்த டாக்டரையா? ஒரு கிலோகூட இல்லாத புள்ளையை ஏமாத்துறேனே. அவளுக்கு மூச்சு முட்டுது. நான் எழுதுற நம்பரைப் பாத்துட்டா அவ மூச்சு விடப் போறா?

வெளிச்சம் இருக்கும்போதே இதை எழுதி முடிக்கிறேன். நாளைக்குச் சொல்லிவிடுவேன். சொல்ல வேண்டும். சொல்வேன்.

மார்ச் 18, செவ்வாய்

ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே டாக்டர் அறைக்குப் போனேன். வீட்டுக்காரரும் வந்தார். வழியில், "எதுக்கு இவ்வளவு காலையில?" என்று கேட்டார். "வாங்க" என்றேன், அவ்வளவுதான்.

நோட்டை மேசையில் வைத்து இரண்டு எண்களையும் விரல் வைத்துக் காட்டினேன். "இது ரெண்டும் பொய். நான்தான் குறைச்சு எழுதினேன். அறுபத்திரண்டு, அறுபத்தொண்ணு. ஆடுற முள் இல்ல டாக்டர். நின்ன முள்."

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கதவருகில் நின்றிருந்த சிடுமூஞ்சிதான் பேசினார். "தெரியும். ரெண்டேகாலுக்கு நானும் அங்கதான் இருந்தேன். எங்க தாள்ல சரியா எழுதியிருக்கேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்களே வருவீங்கன்னுதான்." சொல்லிவிட்டு முகத்தை வழக்கம்போல வைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன். அன்றைக்கே, நாலாம் தேதியே, நான் சரி என்று சொல்லியிருந்தால்? அவர் யோசித்துச் சொன்னார். "அன்னிக்கு நாற்பத்தொண்ணுல இருந்த குழந்தைக்கு அறுபதுன்னு நினைச்சு மருந்து குடுத்திருப்பேன். அது என் தப்பாயிருக்கும். இன்னிக்கு இருக்கிறது வேற குழந்தை."

அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா? அளக்க வழியில்லை. ஆனால் அந்த அம்மா 'பாப்போம்' என்று சொல்லவில்லை.

ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். 'நன்மை தீமைகள் அனைத்தையும் முழுமையாகப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தேன். மேலே எழுதினேன்: 'இதை யாரும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்று புரிந்துகொண்டேன். கொடுங்கள்.' கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தை வாங்கிய இளம் டாக்டர், இப்படி எழுதினால் செல்லாது என்றார். "செல்லும்" என்றார் பெரிய டாக்டர்.

வீட்டுக்காரர் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். ஒன்று போதுமாம். இரண்டு இருக்கட்டும் என்றார். அந்த ஒரு செயலுக்காக, படிக்கட்டில் சொன்னதை மன்னித்துவிட்டேன். மறக்கவில்லை.

பதினோரு மணிக்கு முதல் ஊசி. குழாயோடு சேர்ந்த சின்ன ஊசிக்குழல். கண்ணீர்த் துளி அளவுகூட இல்லை. இதற்கா இவ்வளவும்?

மார்ச் 19, புதன்

ஐம்பத்தெட்டு.

மார்ச் 20, வியாழன்

நாற்பத்தாறு. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, எதிர்பார்த்ததுதானாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் குதிகாலில் குத்துகிறார்கள். குத்த வரும் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்க்கிறாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

மார்ச் 21, வெள்ளி

முப்பத்து நான்கு. நின்ற முள். நான் மூன்று தரம் பார்த்தேன், சிடுமூஞ்சி இரண்டு தரம் பார்த்தார்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பதினொன்றுக்குக் குழாயை எடுத்தார்கள்.

நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழியவில்லை. கொஞ்சம் குழிந்தது. பிறகு இல்லை. ஒரு மணி நேரம் போனது. சிடுமூஞ்சி துணி மாற்றுவதற்காக அவள் காலைத் தூக்கினார். அவளுக்குப் பிடிக்கவில்லை.

கத்தினாள்.

எண்ணெய் காணாத கதவுக் கீல் போல ஒரு சத்தம். கரகரவென்று, கோணலாக, பாதியில் உடைந்து, மறுபடி. ஆறு வாரம், நாற்பத்திரண்டு நாள். என் மகளின் குரல் அது. இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிடுமூஞ்சி, "இங்க உக்காரக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"கேட்டீங்களா? இனிமே ஓயாது பாருங்க."

அவள் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்கு மேல் ஏறி நின்றிருந்தார். போனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். வெகுநேரம் கழித்து, "வெச்சுடாத" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. கடைசி ஊசி முதல் ஊசியைவிடச் சின்னது. கொடுத்தாகிவிட்டது. இனி திரும்ப எடுக்க முடியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்றைய தேதியில்தான் தீர்ப்பாம். வயிற்றில் இருந்திருந்தால் இன்று முப்பத்தாறு வாரம். இன்றைக்கும் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைக்கு 'நாள்பட்ட நுரையீரல் நோய்' என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். நம்மவளுக்கு இருபத்து மூன்று. சாதாரணக் காற்று இருபத்தொன்று. இரண்டே இரண்டு பங்கு.

எழுதிவிட்டார்கள். 'லேசானது' என்று பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இந்த அளவு வித்தியாசத்துக்கு முத்திரை உண்டு என்று டாக்டரிடம் சொன்னேன். அந்த அம்மா சிரித்து இன்றுதான் பார்த்தேன். பல் வரிசை கொஞ்சம் கோணல்.

ஜூன் 6, வெள்ளி

வீடு. மூக்கில் குழாய் இல்லை, முதுகில் ஒயர் இல்லை. இரண்டே முக்கால் கிலோ. ஆபீஸிலிருந்து நல்ல தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, அவள் கைகால் ஆட்டி முடிக்கும் வரை காத்திருந்து, நானே பார்த்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு வயது ஆகிவிட்டது. இந்த நோட்டைத் திறந்தே எட்டு மாதம் ஆகிறது. சந்தோஷமாக இருந்தால் எனக்கு எழுத வராது போலிருக்கிறது.

இன்று பிசியோதெரபிஸ்ட் அவள் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். வலது கால் மடங்கியது. இடது கணுக்கால் விறைப்பாக நின்றது. இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரம் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே டாக்டரிடம் போனேன். "அந்த மருந்தா?"

"இருக்கலாம். சீக்கிரம் பிறந்ததாலயும் இருக்கலாம். அன்னிக்குக் குழாய் எடுத்தப்போ மூச்சு நின்னு நின்னு வந்ததே, அதனாலயும் இருக்கலாம். மருந்து குடுக்காம மெஷின்லயே இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னும் தெரியாது. எனக்குத் தெரியலம்மா."

குழாய் எடுத்த அந்த நாள், அது என் நாள். நான் போராடி வாங்கிய நாள்.

அக்காவுக்குத் தெரிந்ததும் போன் வந்தது. "நான் அப்பவே அனுப்பினேனே, படிச்சியா? பாவம், புள்ள."

"புள்ள பாவம் இல்லக்கா. இப்பத்தான் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி உடைச்சா."

"நான் உன் நல்லதுக்குத்தான்—"

"தெரியும். நீ அனுப்பினதுல இருந்தது எல்லாம் உண்மை. நான் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு அதே எண்ணைக் காட்டினா இன்னிக்கும் போடுவேன். இதை இன்னொரு தரம் கேக்காத."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்காவிடம் சொன்னது எல்லாம் நிஜம். அழுததும் நிஜம். இரண்டையும் எழுதி வைக்கிறேன், ஒன்றைக் குறைத்து எழுத மாட்டேன்.

போன வருடம் மார்ச் பதினேழாம் தேதி, பதினெட்டாம் தேதிப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். எங்கேயாவது ஒரு முள் இருக்குமா, எது எவ்வளவு பங்கு என்று காட்ட? கிடையாது. உலகத்தில் அப்படி ஒரு தராசு செய்யவில்லை. குற்றம் சொல்ல வருகிறவர்கள் ஒன்றைக் கொண்டு வரட்டும், நான் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலுக்கு பிரேஸ் வந்துவிட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக், பட்டை போட்டுக் கட்ட வேண்டும். அவர் அதை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குதிகாலில் உரசும் ஓரத்தைத் தன் அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். போட்டுவிட்டதும் அவள் அதால் அவரையே உதைத்தாள்.

நவம்பர் 15, ஞாயிறு

கீழ் வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுது. மேல இருந்து டக் டக்குனு ஒரு சத்தம். கூடவே ஒரே கத்தல். குழந்தைதான், தெரியுது. கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

என் வீட்டுக்காரர் உடனே தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கங்க சார். தடியா ஒரு விரிப்பு வாங்கிப் போட்டுடுறோம்."

"விரிப்பு போட மாட்டோம்" என்றேன் நான், உள்ளேயிருந்து வந்து. "அதுல பிரேஸ் வழுக்கும் சார். வெறும் தரையிலதான் நடக்கணும்."

"சரிம்மா. அந்தக் கத்தல்?"

"அதைக் கேக்குறதுக்கு நான் நாற்பத்திரண்டு நாள் காத்துக்கிட்டு இருந்தேன். நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரியவைக்கும் பொறுமையும் எனக்கு இல்லை. அதற்குள் பின்னால் டக், டக் என்று கேட்டது. இடது காலை ஒரு அரை வட்டமாகச் சுழற்றிப் போட்டு வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, யார் இந்த ஆள், ஏன் இங்கே நிற்கிறான் என்று கேட்பதுபோல அவரை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கரகரத்த குரலில் ஒரு கத்துக் கத்தினாள். மனிதர் ஒரு படி இறங்கிவிட்டார்.

அவள் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆறரைக்கு வேணா ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார்.

"சொல்லிப் பாக்குறேன் சார்."

நவம்பர் 16, திங்கள்

இன்று ஐந்தே முக்காலுக்கே ஆரம்பித்துவிட்டாள்.